மோதிரக் கல்லின் மேல் விழுந்த பழி

சுரங்கக் குடியிருப்பு,
மார்ச் 22, 1981

அன்பு மகள் ரிம்மாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஃபைனா எழுதுவது. என் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீயும் கிளேபும் எலும்பு எதுவும் முறியாமல் முழுசாகச் சுகமாக இருக்கிறீர்களா என்று எழுது. நான் ரொட்டிக்கடைப் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன். படியில் மணல் தூவ வேண்டியவர் அன்றைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தாராம், குளிர்காலத்தில் வழுக்கி விழுவதைத் தடுப்பது பற்றிய கூட்டம். மாவுக்கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்கும். நீ அனுப்பிய மீன்முட்டை டப்பா இரண்டும் வந்து சேர்ந்தன. ஒன்றைத் திறந்து சாப்பிட்டோம், மற்றதை உன் கல்யாணத்துக்கு எடுத்து வர வைத்திருக்கிறேன். கம்சாத்காவிலிருந்து வந்ததைக் கம்சாத்காவுக்கே சுமந்து போவார்களா என்று ஃபைனா கேட்கிறாள், அவள் கேட்பது நியாயம்தான், ஆனாலும் வைத்திருக்கிறேன். மோதிர விஷயத்தை நான் சொல்ல ஆரம்பித்தால் அழுகையோ சிரிப்போ வந்து பாதியில் நின்றுவிடும். ஆராய்ச்சி என்று தொடங்கி வைத்தவள் அவள்தானே, அவளே எழுதட்டும். கடைசியில் நான் வருகிறேன்.

அக்கா, இனி எழுதுவது நான். அம்மா பக்கத்தில் நின்று இடது கையால் முட்டைக்கோஸ் நறுக்குகிறாள், நாலு வரிக்கு ஒரு தடவை 'என்ன எழுதினே, படி' என்கிறாள், படித்துக் காட்டுகிறேன். ஆகையால் இதில் இருக்கும் எல்லாமே அம்மா காதில் விழுந்து, அவள் சரி என்று சொன்னவை. நீ ஊரை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிவிட்டதால் பழையதையும் கொஞ்சம் சேர்த்தே சொல்கிறேன். நீ பிறந்தபோது தாத்தா அம்மாவுக்குக் கொடுத்தாரே, அந்த அலெக்சாந்திரைட் மோதிரம், கட்டைவிரல் நகம் அளவுக்குக் கல், ஜன்னல் பக்கம் நீட்டினால் சாம்பலும் நீலமுமாக இருக்கும், பல்பின் கீழே கொண்டு வந்தால் ரோஜா ஊதாவாக மாறும், தன் அம்மா ஜார் காலத்தில் போட்டிருந்தது என்று தாத்தா சொன்னாரே, அதுதான். அப்பா இறந்த பிறகு கபா அத்தை அதைப் பற்றி என்ன சொல்லி வந்தாள் என்று உனக்குத் தெரியும். அந்தக் கல்லை ஒற்றையாகப் போட்டால் புருஷன் தங்கமாட்டான், ஜோடியாகத்தான் போட வேண்டும், நம் அம்மா ஸினா ஒற்றையாகப் போட்டாள், தன் தம்பி போய்விட்டான் என்பாள். இதை அத்தை ஒரு தடவைகூடச் சண்டையாகச் சொன்னதில்லை. பெருமூச்சு விட்டு, டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொல்வாள். அவள் காதில் அதே நிறத்தில் இரண்டு கல் தொங்கும், தாத்தா கொடுத்த தோடுகள். அவை ஜோடியாக இருப்பதால்தான் யெவ்சேய் மாமா உயிரோடு இருக்கிறார் என்பது அத்தையின் கணக்கு. மாமா அதை மறுத்ததே இல்லை. மாமா எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை.

மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினத்துக்கு அவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். மாமா வழக்கம்போல அம்மாவுக்கு ஒரு கொத்து மஞ்சள் மிமோசாப் பூவும் அத்தைக்கு அதைவிடப் பெரிய கொத்தும் வாங்கி வந்தார். நான் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன், ஜூனில் கல்யாணம், கிளேப் மீன்பிடிக் கப்பலில் இயந்திரக்காரர், லீவு நாளிலும் மீன்பிடிக்கவே போகிறார் என்று நீ எழுதியிருந்தாயே, அதுவரை எல்லாரும் சிரித்தோம். அம்மா எழுந்து போய் மோதிரத்தைக் கொண்டு வந்து மேஜையில் வைத்து, இது ரிம்மாவுக்கு என்றாள். அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். 'ஸினா, உனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? ஒரு வீட்டுல ஒருத்தன் போனது போதாதா, அந்தக் கம்சாத்காப் பையனையும் அனுப்பணுமா? எங்கிட்ட குடு. என் தோட்டோட சேந்தா மூணு கல்லும் ஒரு செட்டாயிடும், அதோட விஷம் எறங்கிடும்' என்றாள். மூன்று எப்படி ஜோடி ஆகும் என்று நான் கேட்டேன். 'பெரியவங்க பேசும்போது எண்ணிக்கிட்டு இருக்காதடீ' என்றாள்.

அக்கா, அம்மா ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது, ஜோடிக்கு இரண்டாவது கல்லும் இருந்திருந்தால் அப்பா திரும்பி வந்திருப்பாரோ என்று என்னிடம் கேட்டாள். ஒன்பது வருடமாக அதை நம்பவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, ஒன்பது வருடமும் அந்த மோதிரத்தைச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

ஆனால் பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன், அதை மறைக்காமல் எழுத வேண்டும். பள்ளிக் கனிமக் கழகத்தில் இரண்டு வருடமாக இருக்கிறேன், கையேடு முழுவதும் படித்திருக்கிறேன். கல் போலியாக இருந்தால் பழியும் போலி என்று எனக்குத் தோன்றியது. அலெக்சாந்திரைட் படிகக்கல்லைக் கீறும், கண்ணாடியால் செய்த போலி கீறாது என்று கையேட்டில் இருக்கிறது. என் பெட்டியிலிருந்து ஒரு படிகக்கல்லைக் கொண்டு வந்து எல்லார் முன்னாலும் மோதிரக் கல்லை அதன் மேல் இழுத்தேன். நன்றாக, ஆழமாகக் கீறியது. நான் உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று நினைத்து, கல் உண்மையானது என்று அறிவித்துவிட்டேன். அத்தை என்னை முத்தமிட்டாள். 'பாத்தியா ஸினா, விஞ்ஞானமே சொல்லிடுச்சு' என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த சனிக்கிழமை வந்து மோதிரத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று அத்தை சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுவதும் நான் விசாரித்தேன். எங்கள் வகுப்பில் முப்பத்தோரு பேர். அதில் நம் வீட்டையும் சேர்த்துப் பத்தொன்பது வீடுகளில் அலெக்சாந்திரைட் இருக்கிறது. பத்தொன்பதும் ஜார் காலத்தது, பத்தொன்பதும் கட்டைவிரல் நகம் அளவு, பத்தொன்பதும் ஊதா. ஜாருக்கு நம் ஊர்மேல் இவ்வளவு பிரியம் இருந்தது என்று சரித்திரப் பாடத்தில் எங்கேயும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஜார் பெயர் வைத்த அந்தக் கல் உலகத்திலேயே முதலில் கிடைத்தது நம் மலையில்தான், நம் ஊரில் சுரங்கத்தில் வேலை செய்யாத குடும்பம் இல்லை, ஆனால் வெட்டி எடுத்த கல் நேராகத் தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போய், அங்கிருந்து முத்திரை வைத்த பெட்டியில் ரயிலேறிவிடும். அதை யாரும் பார்த்ததில்லை. பார்க்காததால் அது எப்படி இருக்கும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

பார்த்தவர் ஒருவர்தான் இருக்கிறார், எங்கள் கழகத்தை நடத்தும் எம்மா கார்லோவ்னா, தரம் பிரிக்கும் கூடத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நான் கீறிப் பார்த்ததைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'கையேட்ட முழுசாப் படிச்சியா, இல்ல உனக்குப் பிடிச்ச பக்கத்தோட நிறுத்திட்டியா? கண்ணாடில செஞ்ச போலி கீறாது, சரி. ஆலைல வளக்கிற கல்லு அசலவிடக் கெட்டி. அது உன் அசலையே கீறிப்புடும்' என்றார். முட்டைக்கோஸ் போளி இருக்குமா என்று மட்டும் கேட்டார். இருக்கும் என்றேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார், வெயில் வேண்டுமாம்.

சனிக்கிழமை அத்தையும் மாமாவும் இரண்டரைக்கே வந்துவிட்டார்கள், அத்தை மோதிரத்தை வைக்க ஒரு வெல்வெட் பெட்டிகூடக் கொண்டு வந்திருந்தாள். எம்மா கார்லோவ்னா கோட்டைக் கழற்றி மாட்டி, போளி ஒன்றைத் தின்று முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, மோதிரத்தை ஜன்னல் பக்கம் பிடித்தார். 'பச்சை எங்க?' என்றார். என்ன பச்சை என்று அத்தை கேட்டாள். 'வெயில்ல இது பச்சையா இருக்கணும். விளக்குல சிவக்கணும். இது வெயில்லயும் ஊதாவோட பங்காளி, விளக்குலயும் ஊதாவோட பங்காளி' என்றார். பிறகு திரையை இழுத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார், அதில் கல் ரோஜா நிறமாக மாறியது, அத்தை 'மாறுது பாருங்க, மாறுது!' என்று கத்தினாள். 'மாறும். மாறுறதுக்குன்னே மருந்து போட்டு வளத்தது' என்றார் அவர்.

அப்புறம் தன் கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே கழகத்தின் காட்சிப்பெட்டியில் இருக்கும் அசல் கல்லின் துணுக்கு, கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்தார். அதில் ஒட்டியிருந்த பதிவு எண் சீட்டு கல்லைவிட நாலு மடங்கு பெரியது. கல் ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, உடைந்த பாட்டில் துண்டு மாதிரி மங்கலான பச்சை. அத்தை குனிந்து பார்த்து, 'இதுக்கா ஜார் பேரு வச்சாங்க?' என்றாள். அதை மெழுகுவத்தியிடம் கொண்டு போனதும், அக்கா, அது ராஸ்பெரிச் சாற்றில் முக்கி எடுத்ததுபோல் ஆகிவிட்டது, பச்சை இருந்த இடமே தெரியவில்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அத்தை மட்டும், இது சின்னதாக இருப்பதால் மாறுகிறது என்றாள்.

எம்மா கார்லோவ்னா என்னிடம் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, மோதிரக் கல்லுக்குள் என்ன தெரிகிறது சொல் என்றார். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே தூசு இல்லை, விரிசல் இல்லை, மிகச் சுத்தமாக இருந்தது. விளிம்புப் பக்கம் சாய்த்தபோது மெல்லிய வளைந்த கோடுகள் தெரிந்தன, கிராமபோன் தட்டில் இருக்குமே அதுபோல ஒன்றையொன்று ஒட்டி வளைந்து போயின, ஓரிடத்தில் இரண்டு குட்டிக் குமிழிகள். அதைச் சொன்னதும், 'பூமிக்குள்ள கல்லு நேரா வளரும், இல்லன்னா நொறுங்கும். வளைஞ்ச கோடு எப்ப வரும்? உலையில பொடியச் சொட்டுச் சொட்டா உருக்கி விடும்போதுதான் வரும். இது குருந்தக்கல், ரூபியோட ஜாதி, ஆலைல ஒரு பொழுதுல வளந்தது' என்றார். அம்மா அதுவரை அடுப்பு ஓரத்தில் மாவுக்கட்டுக் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். மெதுவாக, 'அப்போ இந்தக் கல்லு ஒண்ணும் செய்யாதா?' என்று கேட்டாள். 'செய்யுமே, கண்ணாடிய நல்லாக் கீறும்' என்றார் எம்மா கார்லோவ்னா.

நான் நினைத்தேன், இதோடு முடிந்தது என்று. கல் அலெக்சாந்திரைட் இல்லையென்றால் அம்மாமேல் பழி இல்லை, இதைவிட நேரான வாதம் கணக்குப் புத்தகத்தில்கூடக் கிடையாது. ஆனால் அத்தை வெல்வெட் பெட்டியைப் படக்கென்று மூடினாள். 'அப்படின்னா எங்க அப்பா குடுத்த அசல் எங்க? ஸினா மாத்திட்டா! அசல வித்துட்டு ஆலைக்கல்ல வச்சிட்டா!' என்றாள். அம்மாவின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. 'கபா, ஒம்பது வருஷமா எம் புருஷன நானே தின்னுட்டேன்னு சொன்னே, பொறுத்துக்கிட்டேன். இப்ப திருடியும் ஆயிட்டேனா?' என்றாள். நான் மோதிரத்தின் உட்புறத்தைப் பார்த்தேன், அங்கே ஒரு நட்சத்திரமும் 583 என்ற தங்கத் தர எண்ணும் குத்தியிருந்தது, அந்த நட்சத்திர முத்திரை 1958க்குப் பிறகுதான் வந்தது என்று எனக்குத் தெரியும், ஜார் காலத்தில் 56 என்று இருக்கும். அதைச் சொன்னேன். அத்தை, 'ஏன், ஜார் காலத்துல வானத்துல நட்சத்திரம் இல்லையா?' என்றாள். பிறகு, 58க்குப் பிறகு வந்தது என்றால் ஸினா அதற்குப் பிறகு மாற்றினாள் என்றுதானே அர்த்தம் என்றாள். அது சரியான கேள்வி. இரண்டாம் தடவையும் என் ஆதாரம் அம்மாவுக்கு எதிராகவே போய்விட்டது, எனக்கு அழுகை வந்தது.

அப்போது ஒரு குரல், 'கபா, நிறுத்து' என்றது. யார் பேசியது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். யெவ்சேய் மாமா. கையில் இருந்த போளியைத் தட்டில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மேஜைவிரிப்பைப் பார்த்துச் சொன்னார். 1959 இலையுதிர்காலத்தில், நீ பிறந்த வாரம், தாத்தா அவரை ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்துக்கு அழைத்துப் போனாராம். நகைக்கடை வரிசையில் நான்கு மணி நேரம் நின்றார்களாம். 'ஒரே தட்டுலேந்துதான் எடுத்தாரு. மோதிரம் ஸினாவுக்கு, தோடு உனக்கு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட வாக்கு வாங்கிட்டாரு. அவரு போனப்புறமும் வாக்கு வாக்குதானேன்னு இருந்துட்டேன்' என்றார். அப்படியென்றால் பழையது எங்கே என்று அத்தை கேட்டாள். 'பழைய மோதிரம் நாப்பத்திரெண்டு யுத்தப் பஞ்சத்துலயே மாவுக்குப் போயிடுச்சு. ஒரு மூட்டை மாவு. உனக்கு அப்போ பத்து வயசு, பசியில காலு ரெண்டும் வீங்கிக் கிடந்தே. அந்தக் கல்லத்தான் நீ சாப்பிட்டே, கபா' என்றார்.

கெட்டில் கொதித்து மூடி ஆடியது, அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. அத்தை இரண்டு தோடுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் தட்டின் ஓரத்தில் வைத்தாள். மாமாவுக்குப் பேச ஆரம்பித்த வேகம் இன்னும் நிற்கவில்லைபோல, தொடர்ந்து சொன்னார். தாத்தா அன்றைக்கு மோதிரத்தோடு தன் அம்மா உடையில் குத்திக்கொள்ளும் பச்சைக்கல் ஊசியையும் சந்தைக்குக் கொண்டு போயிருக்கிறார், மாவுக்காரி அதைப் பல்லால் கடித்துப் பார்த்து, பாட்டில் கண்ணாடிக்கெல்லாம் மாவு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். எம்மா கார்லோவ்னா தீப்பெட்டியை மூடப் போனவர் நிறுத்தினார். 'எவ்வளவு பச்சை?' என்று கேட்டார். மாமா தீப்பெட்டிக் கல்லைக் காட்டி, 'இதோ இந்த மாதிரி மங்கலா' என்றார். 'இப்ப அது எங்க இருக்கு?' அம்மா சொன்னாள்: 'சின்ன வயசுல ரிம்மாவுக்கு விளையாடக் குடுத்தாரு. அவ கோட்டுக் காலர்ல குத்திக்கிட்டுக் கம்சாத்காவுக்குப் போயிட்டா.' எம்மா கார்லோவ்னா 'ம்' என்றார். தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு போளி கேட்டார்.

மறுநாளே யெவ்சேய் மாமாவுக்குச் சளி பிடித்தது. அத்தை பதறிப்போய் நம் வீட்டுக்கு ஓடி வந்து, தட்டிலேயே விட்டுப் போன தோடுகளை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஐந்து நாளில் சளி போய்விட்டது. அசலோ ஆலையோ, ஜோடி ஜோடிதான் என்று அத்தை இப்போது சொல்கிறாள். மாமா மறுபடியும் எதையும் மறுப்பதில்லை. ஆனால் அத்தை நேற்று அம்மாவுக்கு ஒரு ஜாடி ஊறுகாய்க் காளான் கொண்டு வந்தாள், பெருமூச்சு விடவில்லை, சர்க்கரையைக் கலக்கும்போது வேறு ஏதோ பேசினாள். வகுப்பில் மற்ற பதினெட்டு வீட்டுக் கற்களையும் சோதித்துத் தருகிறேன் என்று நான் எழுந்து நின்று சொன்னேன், ஒருவரும் கொண்டு வரவில்லை.

அக்கா, ஒரு வேண்டுகோள். அந்த ஊசியை முதலில் ஜன்னலில் பார், டியூப்லைட்டில் பார்க்காதே, அது வெயில் மாதிரியே காட்டும், ஏமாந்துவிடுவாய். மெழுகுவத்தியிலோ சாதாரண பல்பிலோ பார். கீறிப் பார்க்க வேண்டாம். இனி அம்மா பேசுகிறாள்.

ரிம்மா, நான்தான். எல்லாம் படித்துக் காட்டினாள், பாதிக்குமேல் சிரித்தேன். மோதிரம் என் இடது கையில் இருக்கிறது. நேற்று அதைப் போட்டுக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனேன், கடைக்காரி பார்த்துவிட்டு ஜார் காலமா என்றாள், இல்லை, வரிசையில் நின்று வாங்கியது என்றேன். ஒன்பது வருடம் சர்க்கரைக்குள் கிடந்ததற்கு ஈடாக மூன்று மாதம் நான் போட்டுக்கொள்கிறேன், ஜூனில் உன் விரலுக்கு வரும். உன் தாத்தா நான்கு மணி நேரம் நின்றது உனக்காகத்தான். ஊசியைப் பார்க்கச் சொல்லி இவள் குதிக்கிறாள், பார்க்கணும் என்றால் பார். சிவந்தாலும் எனக்கு எழுதாதே, சிவக்காவிட்டாலும் எழுதாதே. உன் கொள்ளுப்பாட்டி அதை ஒற்றையாகவே நாற்பது வருடம் குத்தியிருந்தாள், அவள் புருஷன் தொண்ணூற்றொரு வயதில், ஏறாதே என்று அவள் கத்தக் கத்தக் கூரையில் ஏறி விழுந்துதான் போனார். ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று ஃபைனா சொல்கிறாள். சரி, என் ஆளையும் சேர்த்து இரண்டு. ஏரியில் உறைந்த பனி இளகிச் சாம்பலாகிவிட்டது, போகாதீர்கள் என்று அன்றைக்குக் காலையில் உன் அப்பாவிடம் நானும் கத்தினேன், அரை மணி நேரம்தான் என்று பனியில் துளை போடும் கருவியையும் மீன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆகையால் கிளேபிடம் நான் சொன்னதாகச் சொல். ஏப்ரல் பிறந்துவிட்டால் மீனுக்காக உறைந்த தண்ணீர்மேல் இறங்கக் கூடாது. வெள்ளையாக இருக்கும் பனி சாம்பலாகத் தெரிந்தால் மீனும் வேண்டாம், கருவியும் வேண்டாம், திரும்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நிறம் மாறும் பொருள்களில் இனி நான் பயப்படுவது அது ஒன்றுக்குத்தான். இருவரும் சேர்ந்து நீண்ட நாள் நன்றாக இருங்கள், சண்டை போட்டாலும் ஒரே வீட்டுக்குள் இருந்து போடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள், கம்பளிக் காலுறையைப் போடாமல் வெளியே போகாதே. கிளேபிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் உடனே தந்தி அடி.

இடது கையால் கையெழுத்திடும்,
உன் அம்மா
ஸினாயிதா